கல்நார்க் கூரையும் அரசின் கடனும்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்வோர், ஜூஜூவாடி எல்லையைக் கடக்குமுன் பெருஞ்சாலையை விட்டுச் சற்றே உட்புறம் சென்று பார்ப்பாராயின், தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை வரிசை வரிசையாகக் காண்பர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் வேலை தேடி வந்தோர்க்கு விரைவாகவும் மலிவாகவும் வீடு வேண்டியிருந்தது. அதற்கு வாய்ப்பாக அமைந்ததே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் உள்ளே பேசுவது கேளாது. சித்திரை வெயிலில் நண்பகலில் தங்கவொண்ணாது. ஆயினும் ஓலையைப்போல் தீப்பற்றாது, தகரத்தைப்போல் துருவேறாது.

ஆஸ்பெஸ்டாசுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். மிகப் பொருத்தமான பெயர் அது. பாறையினின்று பஞ்சுபோல் பிரித்தெடுக்கும் நாரைச் சிமெண்டுடன் கலந்து தகடாக வார்க்கின்றனர். சிமெண்டு பிணித்திருக்கும் வரையில் நார் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். தகட்டைத் துளையிட்டாலோ, அறுத்தாலோ, உடைத்தாலோ, நாட்பட்டு அதன் மேற்பரப்பு அரித்தாலோ, கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றிலே கலந்துவிடும். நுரையீரலில் தைத்த இழையை உடல் எளிதில் வெளியேற்ற இயலாது. இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது புற்றுநோயாக வெளிப்படக்கூடும். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் இதனை விலக்கிவிட்டன. நம் நாடோ வெள்ளைக் கல்நாரை ருஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வரவழைத்து இன்றும் கூரைத் தகடு செய்து வருகிறது.

இத்தகைய வீட்டுக்கு உடையவர் என்ன செய்வார்? அவர் வாங்கியபோது அது சட்டம் ஒப்பிய பொருளன்றோ?

இவ்வினாவிற்கு ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பெராவில் ஒரு விடை கிடைத்தது. அங்கே 1968 முதல் 1979 வரை ஒரு நிறுவனம், வெப்பம் தடுக்கும் பொருட்டு, கல்நாரைப் பொடியாகவே வீட்டுக் கூரையின் உட்புறத்தில் ஊதி நிரப்பிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு கெட்டன. (சிமெண்டில் பிணைந்த தகட்டைவிட இது பன்மடங்கு கொடியது, இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.) 1988-இல் தொடங்கி அரசாங்கம் தன் செலவிலேயே அதனை அகற்றிற்று. வேலை முடிந்தது என்று மக்களும் நம்பினர். ஆனால் பல்லாண்டு கழித்துச் சுவர் இடுக்குகளில் இழைகள் கண்டெடுக்கப்பட்டன. 2014-இல் மத்திய அரசு நூறு கோடி டாலர் கடன் கொடுக்க, கான்பெரா அரசு அவ்வீடுகளை, கல்நாரே இல்லாதிருந்தால் என்ன விலை பெறுமோ அவ்விலைக்கு வாங்கி இடிக்க முன்வந்தது. சிலர் மனமின்றியே வீட்டைப் பிரிந்தனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

நம் ஓசூரைப் போலவே எல்லையிலமைந்த குயின்பியன் என்னும் ஊர் கான்பெராவை ஒட்டியிருக்கிறது. அங்கும் அதே பொடி நிரப்பிய வீடுகள் இருந்தன. ஆயினும் அவை வேறு மாநிலத்தின்பாற்பட்டவை. அம்மாநிலத்தின் உதவித் திட்டம் 2015-இல்தான் வந்தது. நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது, நிவாரணத்திற்கு உண்டு!

நம் நாட்டின் நிலை யாது? 1995-இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலால் நோயுற்றதாகச் சான்று பெறும் தொழிலாளிக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தொழிற்சாலையில் உழைப்போரைப் பற்றியது. அக்கூரையின்கீழ் உறங்குவோரைப் பற்றியதன்று. தமிழ்நாட்டில் 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், ஊரகங்களில் குடிசைக்கு மாற்றாகக் கான்கிரீட் வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் தருவது. நல்ல திட்டமே. ஆனால் அதன் நோக்கம் குடிசை. நம் தேசிய மாதிரி ஆய்வின் இலக்கணப்படி கல்நார்ச் சிமெண்டுத் தகடு உறுதியான கட்டுமானப் பொருள்களின் வரிசையில் சேர்ந்தது. அதாவது, ஓலையை எடுத்துவிட்டு அரும்பாடுபட்டு அத்தகட்டை வேய்ந்த ஏழை, கணக்கேட்டில் முன்னேறியவராகிவிடுகிறார். தகட்டை மாற்றும் செலவு அவர் தலையிலேயே விழுகிறது. அதை மாற்றியமைக்கத் தொடக்கமாக வேண்டுவது பெருந்தொகையன்று, படிவத்திலே ஒரு தனிக் கட்டம்.

அதுகாறும், மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய தகட்டைக் கழற்றும் நாளில் முதலில் அதனை நீரால் நனையுங்கள். ரம்பம் இடாமல், உடைக்காமல், முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள். சிறுவரை அப்பால் அனுப்பிவிடுங்கள். உடைந்த துண்டுகளைத் தெருப்பள்ளத்தில் கொட்டி நிரவுதல் நம்மூர்களில் கண்ட வழக்கம். லாரிச் சக்கரம் அதனை அரைக்க, பொடி முழுவதும் தெருவார் மூச்சிலேதான் சேரும்.