பழைய டிராக்டருக்கு எத்தனை கலப்பை? மலைமேல் கணக்கு வேறு

சேலத்துச் சமவெளியில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த 35 குதிரைசக்தி டிராக்டரை, அதன் ஒன்பது கலப்பையோடு சேர்த்து விலைபேசி மலைக்குக் கொண்டுவரும் உழவர், கீழே இழுத்ததை மேலேயும் இழுக்கும் என்றே எதிர்பார்ப்பார். ஏற்காடு வட்டம் நாகலூர் போன்ற மலைக் கிராமத்தில் அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப் போகும். புகைக்குழாய் கறுப்புப் புகை கக்கும். அல்லது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே மண்ணைத் தோண்டும். உடனே மெக்கானிக்கைத் தேடுவார்கள். வண்டியில் பழுதே இல்லாமலும் இருக்கலாம். அந்த உயரத்துக்கும் அந்தச் சரிவுக்கும் கருவி பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் நிற்கும் செங்குத்தான தோட்டங்களில் டிராக்டருக்கு இடமில்லை. பள்ளப்பாங்கான சமன் நிலத்திலும் மெல்லிய சரிவுள்ள புன்செய்க் காடுகளிலும்தான் அதற்கு வேலை. கீழ்க்காணும் கணக்கு அந்த நிலங்களுக்கானது.

முதலில் காற்று. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சக்தி இழக்கிறது. எனவே 35 குதிரைசக்தி, மலைமேல் 30 ஆகிவிடுகிறது. ரிங்கும் நாசிலும் தேய்ந்த பழைய எஞ்சின் என்றால் மேலும் பத்தில் ஒரு பங்கு கழிக்கலாம், 27 மிஞ்சும். கியர்களில் போவது போகப் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது சுமார் 23. இளகிய மண்ணில் கருவியை இழுக்கும் வேலைக்கு அதிலும் பாதிக்குச் சற்று மேல், அதாவது 14 குதிரைசக்திதான் வந்து சேரும்.

இந்த இழப்பை ஈடுகட்ட இன்ஜெக்‌ஷன் பம்பில் டீசலைக் கூட்டி வைப்பது தவறு. எரிக்கக் காற்று இல்லாத இடத்தில் கூடுதல் டீசல் புகையாகவே போகும், எஞ்சினும் சூடேறும். ஏர் பில்டரைச் சுத்தமாக வைத்திருப்பதே அதைவிடப் பயன் தரும்.

அடுத்தது இழுவை. குதிரைசக்தியை 270-ஆல் பெருக்கி, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகமோ அதனால் வகுத்தால், எத்தனை கிலோ இழுக்கலாம் என்று தெரியும். 14 குதிரைசக்தியில் 4 கிலோமீட்டர் வேகத்தில் உழுதால் 945 கிலோ வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனையையும் இழுக்கச் சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டுமே! 1,750 கிலோ எடையுள்ள டிராக்டரில் பின்சக்கரங்களின் மேல் நிற்பது சுமார் 1,100 கிலோ. உழாத கெட்டி மண்ணில் அதில் பாதியளவு இழுவையே நம்பத்தக்கது. உழும்போது கருவியின் பாரமும் பின்சக்கரத்தின் மேல் இறங்குவதைச் சேர்த்தால் 600 கிலோ எனலாம். புழுதியாகக் கிடக்கும் மண்ணில் இதுவும் குறையும்.

இனிச் சரிவு. நூறு அடிக்குப் பத்து அடி ஏறும் நிலத்தில், டிராக்டரும் கருவியுமாக 2,000 கிலோவைத் தூக்கிச் செல்லவே 200 கிலோ இழுவை செலவாகிவிடும். மீதி 400.

ஒன்பது கலப்பையில் ஒவ்வொரு கொத்தும் நடுத்தர மண்ணில் நான்கைந்து அங்குல ஆழம் இறங்கினால் ஏறக்குறைய 55 கிலோ இழுவை கேட்கும். ஒரு ஜோடி மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கை நாள் முழுவதும் இழுக்கும். 600 கிலோ எடையுள்ள ஜோடிக்கு 60 கிலோ. ஆக, ஒரு கொத்து என்பது ஏறத்தாழ ஒரு ஜோடி மாட்டின் வேலை. ஒன்பது கொத்துக்கு ஒன்பது ஜோடி, அதாவது 500 கிலோ. சமன் நிலத்தில் இந்த டிராக்டர் அதை இழுத்துவிடும். ஏற்றத்தில் 400 கிலோவை வைத்துக்கொண்டு 500 கிலோ வேலை நடக்காது. ஏழு கொத்து என்றால் 385 கிலோ, மயிரிழையில் தப்பும். ஐந்து கொத்து என்றால் சிரமமே இல்லை.

எனவே புதுக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கொத்தைக் கழற்றினால் ஒன்பது ஏழாகிவிடும். ஒரே பக்கத்தில் கழற்றினால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். ஐந்தாகக் குறைத்தால் டயர் தடம் ஓரத்தில் உழப்படாமல் நிற்கும். அடுத்த சாலை நெருக்கி ஓட்டி அதை மூட வேண்டும். இன்னொன்று: சந்தையில் ‘ஐந்து கலப்பை’ என்று விற்கும் கனத்த கருவி வேறு. அது ஆழமாக இறங்குவது. ஐந்துதானே என்று அதைப் பூட்டினால் ஒன்பதைவிட மோசமாகத் திணற நேரும்.

வயலில் இறங்கியபின் கவனிக்க வேண்டியது ஒன்றே: எஞ்சின் திணறுகிறதா, சக்கரம் வழுக்குகிறதா? எஞ்சின் சுற்று குறைந்து கறுப்புப் புகை வந்தால் சக்தி போதவில்லை என்று பொருள். கீழ்க் கியருக்கு மாற்றினால் தீரும். எஞ்சின் நிம்மதியாக ஓடியும் சக்கரம் சுழன்றால் பிடிப்பு போதவில்லை. கியர் மாற்றிப் பயனில்லை, கொத்தையோ ஆழத்தையோ குறைக்க வேண்டும்.

வழுக்கலை அளக்கச் சுண்ணாம்பும் நாடாவும் போதும். பின்டயரில் ஒரு கோடு போட்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு சக்கரம் பத்துச் சுற்று போகும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்று. முன்னது 37 மீட்டரும் பின்னது 32 மீட்டரும் என்றால் வழுக்கல் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு. 15 வரை சரி. அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீணாகத் தேய்கின்றன. டயரில் தண்ணீர் நிரப்பி எடை கூட்டும் வழக்கம் சமவெளிக்கு நல்லது. மலையில் அந்த எடையையும் சேர்த்தே ஏற்றம் ஏற வேண்டும்.

பழைய வண்டிகளில் ஹைட்ராலிக் பழுதைச் சிலர் கண்டுகொள்வதில்லை. இலேசான டிராக்டர் கனமான உழவு செய்வதே அதனால்தான். ஹாரி பெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. கருவியின் இழுவை கூடும்போது ஹைட்ராலிக் தானாகவே அதைச் சற்றுத் தூக்கி, பாரத்தைப் பின்சக்கரத்துக்கு மாற்றுகிறது. அதற்கு முந்தைய ஃபோர்ட்சன் போன்ற வண்டிகள், கலப்பை பாறையில் மாட்டினால் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றதுண்டு. அந்த ஆபத்து இன்றும் போய்விடவில்லை. வெட்டிய மரத்தை இழுக்கச் சங்கிலியை டாப் லிங்க்கிலோ பின் அச்சிலோ கட்டி, ஏற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி கவிழ ஒரு நொடி போதும். சங்கிலி தாழ்ந்த டிராபாரில்தான் கட்டப்பட வேண்டும்.

மண் அரிக்காமலிருக்கச் சரிவுக்குக் குறுக்காக உழுவதே முறை. அப்படி ஓட்டும்போது பக்கவாட்டில் சாயும் அபாயம் உண்டு. பின்சக்கரங்களின் இடைவெளியை அகலப்படுத்திக்கொள்வது நல்லது. சரிவு நூற்றுக்கு 15-ஐத் தாண்டினால் டிராக்டரை இறக்காமல் மாட்டையோ மண்வெட்டியையோ நாடுவதே மேல்.

பி.டி.ஓ. கருவிகளுக்குச் சக்கரப் பிடிப்பு அவ்வளவு தடையல்ல, உயரம்தான் தடை. மேலே சொன்ன 23 குதிரைசக்தியில் 5 அடி ரோட்டவேட்டர் திணறும். 4 அடி போதும்.

கொண்டை ஊசி வளைவுகளில் விளைபொருள் ஏற்றி இறங்குவோர் இதே கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாரத்தோடு 4 டன் நிற்கும் டிரெய்லர், பத்துக்கு ஒன்று இறக்கத்தில் 400 கிலோ விசையோடு பின்னாலிருந்து தள்ளும். பழைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் இறங்கவே கூடாது. வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியே விட்டிருந்த இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலைக்கு வருமுன் ஒன்றாகப் பூட்டிக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் வளைவில் மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டுமே பிடித்து வண்டி பள்ளத்துப் பக்கம் திரும்பிவிடும்.