வலிப்பு ஒரு பிள்ளைக்கு, பயம் மற்றப் பிள்ளைகளுக்கு

வலிப்பு வருத்தமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தாய் தகப்பனின் கண் முழுவதும் அந்தப் பிள்ளையிலேயே இருக்கும். அது இயல்பு. ஆனால் பக்கத்துப் பாயில் படுக்கும் தம்பி தங்கையின் மனதை யாரும் கேட்பதில்லை. இடம்பெயர்ந்து ஒரே கொட்டிலில் எல்லோரும் படுத்தெழும்பும் குடும்பங்களில் இரவு வலிப்பை இச்சிறுவர்களும் கண்டு விழித்திருக்கிறார்கள்.

'அண்ணா செத்துப்போவாரோ, எனக்கும் வருமோ' என்ற பயம் அவர்களுக்கு உண்டு. 'நேற்று நான் சண்டை பிடித்ததால்தான் வந்ததோ' என்ற எண்ணத்தை அவர்கள் வெளியே சொல்வதேயில்லை. அண்ணாவுக்கே எல்லாக் கவனிப்பும் என்ற பொறாமை ஒருபுறம், அப்படி நினைத்த வெட்கம் மறுபுறம். மூத்த பெண்பிள்ளையானால் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் காவலுக்கு இருத்துவதும் உண்டு. இதை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மூளைக் கலங்களின் மின்னோட்டம் சிறிது நேரம் குழம்பும்போது உடல் வெட்டி இழுக்கிறது. அது எச்சில் பட்டுத் தொற்றாது, பேயின் வேலையுமல்ல, தங்கையின் குற்றமுமல்ல. ஒழுங்காக மருந்தெடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

செய்யவேண்டியது தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். சின்னப் பிள்ளை பெரியவர்களைக் கூப்பிட்டால் போதும். வளர்ந்த பிள்ளை கத்தி போன்றவற்றை அப்புறப்படுத்தி, தலைக்குக் கீழே சீலையை மடித்து வைத்து, ஒரு பக்கமாகச் சரித்து விடலாம். வாய்க்குள் எதையும் வைக்கக்கூடாது. இரும்புத் திறப்பைக் கையில் திணிப்பதால் எப்பயனும் இல்லை (நமது ஊர்களில் இன்னும் போகாத பழக்கம்!). ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஆனால் கிணற்றடியிலும் குளத்தடியிலும் காவல் பெரியவர்களின் பொறுப்பு. ஏழு வயதுத் தங்கையை நம்பி அண்ணனைக் குளிக்க விடுவது இருவருக்கும் செய்யும் அநியாயம். தண்ணீருக்குள் ஒருநாள் வலிப்பு வந்துவிட்டால் அந்தச் சிறுமி ஆயுள் முழுவதும் அதைச் சுமப்பாள்.

குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரக்கூடும். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய் அவ்விடத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். முடிந்தால் மற்றப் பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். மனதிலுள்ளதை வைத்தியரிடம் அதுவே கேட்கட்டும்.

விறகு பொறுக்கப் போகும் ஒரு மாலையில் அந்தப் பிள்ளையை மட்டும் அழைத்துச் சென்று, வருத்தத்தைப் பற்றியல்ல, அதன் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேளுங்கள்.