பேத்தியின் தலை ஒரு பக்கம் தட்டை!

பேத்தி பிறந்து தொண்ணூறு நாள் ஆகியிருந்தது. பரமக்குடியிலிருந்து சம்பந்தியம்மாள் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்கள் குழந்தையை வாங்கி மடியில் போட்டு, ஆசையாகத் தலையைத் தடவினார்கள். தடவிய கை பாதியில் நின்றது.

"ஏன் மதினி, புள்ளைக்கு வலப்பக்கம் பின்மண்டை தட்டையால்ல இருக்கு? யாரும் கவனிக்கலையா? பொம்பளைப் புள்ள வேற. நாளைக்கு மொட்டை அடிக்கிறப்போ ஊரே பாக்குமே!"

அவர்கள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் அடுப்படியில் நின்ற என் சின்ன மகள் காதில் அது விழுந்துவிட்டது. தலைப்பிள்ளைப் பேறுகாலத்துக்கு எங்கள் கமுதி வீட்டுக்கு வந்திருந்தவள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "நான்தாம்மா சரியாப் பாத்துக்கல" என்று ஒரே அழுகை.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு அது ஒரு மாதமாகவே தெரியும். தினமும் காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் நான்தானே! 'தலை நிற்கும்போது சரியாகிவிடும்' என்று வாய் திறக்காமல் இருந்தேன். அதோடு, என் மாமியார் எனக்குக் காட்டித் தந்தபடி, எண்ணெய் தேய்த்து இரண்டு உள்ளங்கையாலும் மண்டையை அமுக்கி உருட்டிக்கொண்டும் இருந்தேன். தலை பனங்காய் மாதிரி உருண்டையாக வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து ஆசை.

மறுநாள் மாப்பிள்ளை போனில், "அத்தை, பெரிய மதினி பையனுக்குப் போட்டாங்களே, அந்த ஹெல்மெட்டை நம்ம புள்ளைக்கும் போட்டுடுவோம். கடனை உடனை வாங்கியாவது செஞ்சிடலாம்" என்றார். என் மகள் கையிலிருந்த வளையலைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஹெல்மெட் கதையைச் சொல்ல வேண்டும். என் மூத்த மகள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் வீடியோவில் பேரனைக் காட்டினாள். ஐந்து மாதக் குழந்தை தலையில் பிளாஸ்டிக் தொப்பி, பக்கத்தில் பட்டி! "என்னடி இது, கிரிக்கெட் ஆடப் போறானா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அப்படிப் போட்டுக்கொண்டு திரியும் குழந்தைகள் நிறைய உண்டாம். சிலர் அதில் படம் வரைந்து, பொட்டு ஒட்டி அழகுபடுத்துவார்களாம்.

இப்போது தங்கைக்காக அவளைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினாள். அவள் சொன்னதையும், பிறகு மதுரை டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பச்சைக் குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள், அவற்றுக்கு நடுவே மெத்தென்ற இணைப்புகள். உச்சியில் துடிக்கிறதே, அந்த உச்சிக்குழியும் அப்படி ஓர் இடைவெளிதான். முதல் வருஷத்துக்குள் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காக வளர்கிறது. அதற்கு இடம் கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனாலேயே, ஒரே பக்கமாகத் தலை வைத்துப் படுத்தால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடுகிறது. மேலே இருந்து பார்த்தால் அந்தப் பக்கத்துக் காதும் நெற்றியும் கொஞ்சம் முன்னே தள்ளியிருக்கும். மூளை வளர்ச்சியை இது பாதிப்பதில்லை.

மேல்நாடுகளில் இது திடீரென்று பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே வெகுகாலம் குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்தார்கள். நன்றாக இருந்த குழந்தை தொட்டிலிலேயே இறந்து கிடக்கும் துயரம் பல வீடுகளில் நடந்தது. இங்கிலாந்தில் ஆன் டயமண்ட் என்ற தொலைக்காட்சிப் பெண்மணி 1991ல் தன் நான்கு மாத மகனை இப்படித்தான் பறிகொடுத்தார். அவர் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. குப்புறப் போடாதீர்கள், மல்லாக்கப் போடுங்கள் என்று நாடு முழுவதும் சொல்லும் பிரசாரத்துக்கு அவரே முகமானார். சாவுகள் மளமளவென்று பாதிக்கும் கீழே குறைந்தன. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் சங்கம் 1992ல் இதையே சொன்னது. 1994ல் பெரிய பிரசாரம் தொடங்கியது. அங்கும் இந்தச் சாவுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. உயிர் பிழைத்தது, பின்மண்டை தட்டையானது. எதை ஏற்பது என்று எந்தத் தாயிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஹெல்மெட்டைப் பற்றி 1979லேயே ஸ்டெர்லிங் கிளாரன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் எழுதிவிட்டார்கள். பிரசாரத்துக்குப் பிறகுதான் அதற்குப் பெரிய கிராக்கி வந்தது. அது தலையை இறுக்கி அமுக்குவதில்லை. புடைத்த பக்கத்தை மேலும் வளராமல் தாங்கி, தட்டையான பக்கத்தில் காலியிடம் விட்டிருப்பார்கள். வளரும் தலை அந்த இடத்தைப் பார்த்துப் போகும். ஒரு நாளைக்கு 23 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். குளிக்க மட்டும் கழற்றலாம். நாலைந்து மாதத்தில் தொடங்கினால்தான் பலன். ஒரு வயசு தாண்டினால் பயனில்லை. செலவோ ஆயிரக்கணக்கான டாலர்! நம் நாட்டிலும் பெரிய நகரங்களில் சில இடங்களில் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள்.

"சரி, உன் பையனுக்குச் சரியாச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

"சரியாச்சும்மா. ஆனா ஹெல்மெட்டால ஆச்சா, வளர வளரத் தானா ஆச்சான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல" என்றாள்.

அவள் சந்தேகம் நியாயமானதுதான். நெதர்லாந்தில் மருத்துவர்கள் இதைச் சோதித்து 2014ல் வெளியிட்டார்கள். ஐந்தாறு மாதக் குழந்தைகள் 84 பேர். பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட். பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயசில் அளந்து பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டிலும் நாலில் ஒரு பங்கு குழந்தைகளுக்குத்தான் தலை முழுக்கச் சீரானது. மற்றவர்களுக்கும் நன்றாகக் குறைந்திருந்தது. ஹெல்மெட் போட்ட குழந்தைகளுக்கு வியர்வை, நாற்றம், தோல் சிவப்பு. நாலில் மூன்று பெற்றோருக்கு மேல், 'குழந்தையை ஆசையாக அணைத்துக்கொள்ள முடியவில்லை' என்றார்களாம். அந்த வரியைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. குளிர் நாட்டிலேயே அப்படி என்றால், நம் கமுதிச் சித்திரை வெயிலில் 23 மணி நேரம் எப்படி?

ஆனால் ஒன்று. மிகக் கடுமையாகத் தட்டையான குழந்தைகளும், கழுத்து இறுகிய குழந்தைகளும் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மற்ற முயற்சிகள் பலிக்காவிட்டால் ஹெல்மெட் உதவும் என்று சொல்லும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே நாமாக முடிவு செய்வதற்கில்லை. அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா அவசரப்படாமல் பார்த்தார். குழந்தையை மடியில் வைத்து உச்சியிலிருந்து பார்த்தார். டேப்பால் தலையை அளந்தார். உச்சிக்குழியைத் தொட்டார். மண்டை இணைப்புகள் மேல் விரலை ஓட்டினார். "இதுதான் முக்கியம். சில குழந்தைகளுக்கு இந்த இணைப்பு முன்கூட்டியே மூடிக்கும். கைக்கு வரப்பு மாதிரி கெட்டியாத் தட்டுப்படும், பிறக்கும்போதே தலை கோணலா இருக்கும், நாளாக ஆக அதிகமாகும். அதுக்கு ஆபரேஷன்தான், தள்ளிப்போடவே கூடாது. உங்க குழந்தைக்கு அது இல்லை" என்றார். என் மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பிறகு கழுத்தை மெல்லத் திருப்பினார். வலப்பக்கம் சுலபமாகப் போயிற்று. இடப்பக்கம் பாதியில் நின்றது, குழந்தை வீறிட்டாள். இடது கழுத்துத் தசை இறுகியிருக்கிறதாம். அதனால்தான் தலை இடப்பக்கம் சாய்ந்து, முகம் எந்நேரமும் வலப்பக்கமே திரும்பியிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கத்தில் பால் கொடுத்தால் மட்டும் அழுவாள். பால் ஊறவில்லை என்று என் மகளுக்குப் பூண்டும் சுறாப்புட்டுமாகச் செய்து போட்டுக்கொண்டிருந்தேன்!

ஹெல்மெட் இப்போது வேண்டாம், இரண்டு மாதம் பார்ப்போம் என்றார். இயன்முறை சிகிச்சை செய்யும் பெண் கழுத்துப் பயிற்சியைச் செய்து காட்டி, என் மகளையும் செய்ய வைத்துப் பார்த்து அனுப்பினார். அதை எழுத்தில் சொல்லித் தருவது சரியல்ல. கையைப் பிடித்துக் கற்றுக்கொள்ள வேண்டியது.

கடைசியில் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பாட்டி, தலையை அமுக்குறீங்களா?" நான் திருதிருவென்று விழித்தேன். "கொழுக்கட்டை மாவா அது? எண்ணெய் மெதுவாத் தடவுங்க, போதும். மூக்குல எண்ணெய் விடாதீங்க, ஊதாதீங்க. அது நுரையீரலுக்குப் போனா ஆபத்து." பக்கத்து வீட்டில் தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதற்கும் தலையாட்டிவிட்டார். மூச்சு முட்டும் அபாயம் இருப்பதால் ஒரு வயசு வரை தலையணையே கூடாதாம். மண்டையைச் சீராக்கும் என்று விற்கிற தலையணைகளை வாங்காதீர்கள் என்று அமெரிக்க அரசே 2022ல் எச்சரித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழக்கங்களை மாற்றினோம். எந்நேரமும் சேலைத் தொட்டில் என்பதை விட்டு, கெட்டியான பாயில் மெல்லிய விரிப்பு போட்டு மல்லாக்கத் தூங்க வைத்தோம். குழந்தை வாசல் வெளிச்சத்தைத்தான் பார்ப்பாள். அதனால் ஒரு நாள் தலை கிழக்கே, மறுநாள் மேற்கே. வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நல்லவேளை, வெளிச்சம் தெற்கு வாசலில் இருந்தது! தூங்கிய பிறகு முகத்தை மெல்லத் தட்டையில்லாத பக்கம் திருப்பிவிடுவோம். கிலுகிலுப்பையை இடப்பக்கமே ஆட்டுவோம்.

விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கக் குப்புறப் போட வேண்டும். முதலில் இரண்டு நிமிஷத்துக்கே ஊரைக் கூட்டினாள். என் மார்பின் மேல் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுத்தேன், அடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக நாளொன்றுக்கு அரை மணி வரை கொண்டுபோனோம். பிறந்த சில நாளிலிருந்தே இதைப் பழக்கலாமாம். ஏழு வாரத்துக்குள் மொத்தம் கால் மணி முதல் அரை மணி வரை வந்தால் நல்லது என்கிறார்கள். நாங்கள் பிந்திவிட்டோம்.

ஐந்தாம் மாதம் டாக்டரம்மா அளந்து பார்த்து, கோணல் குறைகிறது, ஹெல்மெட் தேவைப்படாது என்றார். கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. மாப்பிள்ளை கடன் வாங்கவில்லை. வளையல் கையிலேயே இருக்கிறது. தவழ ஆரம்பித்த பிறகு பின்மண்டை தரையில் படுகிற நேரமே குறைந்துபோயிற்று.

போன மாசி மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை. பதினோரு மாதம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுத அழுகையில் கோயில் அதிர்ந்தது. முடி இறங்கியதும் எல்லார் கண்ணும் பின்மண்டைக்கே போயிற்று. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வலப்பக்கம் இன்னும் லேசாகத் தட்டைதான். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். சம்பந்தியம்மாள் கிண்ணத்தை வாங்கித் தன் கையாலேயே சந்தனம் பூசினார்கள். வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் தடிமனாக.

"அழாத ஆத்தா, அப்பத்தா மாதிரியே ஒனக்கும் மண்டை" என்றார்கள்.