கடைக்கு இரண்டு நாள் பூட்டு: குடும்பத்தோடு நீலகிரி

மளிகைக் கடைக்காரர் வீட்டில் எல்லாக் காரியமும் கடை நேரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிய கையோடு கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். காதுகுத்துக்கு வீட்டம்மாவை மட்டும் அனுப்பி வைக்கிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை வந்து போவதே நமக்குத் தெரிவதில்லை.

கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. கடை முதலாளிக்கு விடுமுறை கொடுக்கத்தான் யாரும் இல்லை. அவரே எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

நாம் மொத்த வியாபாரத்தில் பல ஊர்க் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம். போகும் இடமெல்லாம் காதில் விழுவது ஒரே பேச்சு: "பையன் கடைக்கு வர மாட்டேன் என்கிறான்." பெரிய கடைகளின் போட்டி, வீட்டுக்கே சாமான் கொண்டுவரும் கம்பெனிகள் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறும் இல்லாமல், நல்ல நாளும் இல்லாமல் தகப்பனார் பூட்டும் சாவியுமாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பையன், அந்தக் கல்லாவில் உட்கார எப்படி ஆசைப்படுவான்? இந்தத் தொழிலிலும் மனிதன் குடும்பத்தோடு வாழலாம் என்று அவனுக்குக் காட்ட வேண்டும். அதற்கு வருடத்தில் இரண்டு நாள் போதும். பக்கத்து மாவட்டத்தார் எளிதாகப் போய்வரக்கூடிய நீலகிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த இரண்டு நாளைத் திட்டமிடும் முறையைக் கீழே சொல்கிறோம்.

எப்போது போவது?

மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளக்காரர்களின் மாத லிஸ்ட் வரும் நாள். அப்போது கடையை விட்டு நகர முடியாது. 20-ஆம் தேதிக்குப் பிறகு வியாபாரம் இளைக்கும். அந்த நாட்களில் ஒரு செவ்வாய், புதனைத் தேர்ந்தெடுங்கள். மலையிலும் அப்போது சனி, ஞாயிறு அளவுக்குக் கூட்டம் இராது. அறை வாடகையும் படியும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுவதும் அங்கே சீசன். மே 5 வணிகர் தினத்தன்று கடை எப்படியும் அடைப்புதானே, மலைக்குப் போய்விடலாம் என்று சிலர் நினைப்பார்கள். அன்று நம் இடம் மாநாட்டில். தவிர, மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும். பிள்ளைகளின் தேர்வு சீக்கிரம் முடிந்துவிட்டால் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய வாரநாட்கள் நல்லவை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையால் குன்னூர்ப் பாதையில் மண் சரிவதுண்டு, ரயிலும் நின்றுபோகும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். வயதானவர்களுக்கு அது ஆகாது.

எப்படிப் போவது?

பிள்ளைகள் வாழ்நாளில் மறக்காத பயணம் மேட்டுப்பாளையத்திலிருந்து போகும் மலை ரயில்தான். குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் பாதை திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமை. ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏறிச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பும் வண்டி என்பதால் முந்தின இரவே மேட்டுப்பாளையம் போய்த் தங்குவது நல்லது. டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பாகவே எடுத்துவிட வேண்டும்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த ஏற்பாடு வந்தது. 2025 சீசனில் ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். விதிமுறைகள் மாறக்கூடும், கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போகிறவருக்கு இ-பாஸ் தொல்லை இல்லை. சமவெளியில் மட்டும் வண்டி ஓட்டிப் பழகியவர், மலைப்பழக்கமுள்ள டிரைவரை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில்தான் இறங்க வேண்டும்.

என்ன பார்ப்பது?

பார்க்க வேண்டியவை ஏராளம் என்றாலும், எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று ஓடினால் குழந்தைக்கு வாந்தியும் பெரியவர்களுக்கு முதுகு வலியும்தான் மிச்சம். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும்.

முதல் நாள் மதியம் ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா. 1848-ல் தொடங்கியது, 55 ஏக்கர். இரண்டு கோடி ஆண்டுப் பழமையுள்ளதாகச் சொல்லப்படும் கல்லாகிப் போன மரம் அங்கே இருக்கிறது. நேரமிருந்தால், நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995-ல் அமைத்த ரோஜா பூங்காவையும் ஏரியையும் பார்க்கலாம். ஊட்டி ஏரி, கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் வெட்டுவித்தது.

மறுநாள் காலையிலேயே தொட்டபெட்டா. உயரம் 2,637 மீட்டர். நீலகிரியில் இதற்கு மேல் சிகரம் இல்லை. நேரமாக ஆக மூடுபனி ஏறி ஒன்றும் தெரியாமல் போகலாம். பிறகு குன்னூர் இறங்கி, 1874-ல் ஏற்பட்ட சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் கீழே வந்துவிடலாம்.

கடைக்காரர் கண்ணுக்கு

நாம் தினமும் விற்கும் தேயிலை எப்படி வருகிறது என்று பார்க்க, தொழிற்சாலை ஒன்றுக்குள் அவசியம் போக வேண்டும். பச்சை இலையை வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்து, உலர்த்தி, கடைசியில் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். சலிப்பில் கிடைக்கும் பொடியான ரகம்தான் நம் டீக்கடைகள் கேட்கும் டஸ்ட். அதில் சாயமும் திடமும் சீக்கிரம் இறங்கும். இலை ரகத்தில் மணம் தூக்கலாக இருக்கும். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. நம் ஊரில் விலை ஏறுவதும் இறங்குவதும் அங்கே தொடங்குகிறது. இதைப் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தூள் பாக்கெட்டின் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் சரக்கின் மேல் அவனுக்கு ஒரு மதிப்பு வரும்.

வீட்டுக்கு வர்க்கி, யூகலிப்டஸ் தைலம், கேரட் வாங்கலாம். தைலத்தைத் தயாரிப்பாளர் பெயரும் லேபிளும் பார்த்து வாங்க வேண்டும். பொருளை மலையில் உள்ள சிறு கடைகளில் வாங்குங்கள். அவர்களும் நம்மைப் போன்ற வணிகர்கள்தான்.

பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் பறித்துக்கொண்டு அபராதம் போடுவார்கள். துணிப்பையும் எவர்சில்வர் பாத்திரமும் எடுத்துப் போங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போவது நல்லது.

கடையை என்ன செய்வது?

நஷ்டம் வருமே என்பதுதான் எல்லோருடைய பயமும். சொல்லாமல் மூடினால் நஷ்டம் உண்டு. சொல்லிவிட்டு மூடினால் இல்லை. பத்து நாள் முன்பே "இன்ன தேதியில் கடை விடுமுறை" என்று எழுதித் தொங்கவிடுங்கள். வழக்கமான வீடுகளுக்கு இரண்டு நாளுக்கான சாமானை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பால், தயிர், ரொட்டி, முட்டைக்காரர்களிடம் நிறுத்தச் சொல்லுங்கள். கொடுத்த செக் எதுவும் அந்தத் தேதியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லாவில் பணம் வைக்காதீர்கள். பிரிட்ஜை அணைத்துவிடாதீர்கள். அவசரத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் கவனித்துக்கொள்வார். அவர் போகும்போது நாம் கவனிக்க வேண்டும். ஒரே தெருவில் நாலு கடைக்காரர்கள் முறை வைத்துப் போய்வந்தால், வாடிக்கையாளர் ஒருவரும் திரும்பிப் போக மாட்டார்.

வாடிக்கையாளர் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார். பிள்ளைகளின் வயது பொறுக்காது. வருடக் கணக்கு முடிக்கும்போது லாப நஷ்டத்தோடு, வீட்டாரை எங்கே அழைத்துப் போனோம் என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி காலியாக இருக்கும் உறுப்பினர்கள், வரும் மாதத்தின் 20-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு செவ்வாயையும் புதனையும் காலண்டரில் இன்றே குறித்துக்கொள்ளலாம்.