மகவின் துயிலும் பெற்றோர் அயர்வும்

தால் என்பது நா. நாவசைத்துப் பாடுதலின் தாலாட்டு எனப் பெயராயிற்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலம் மூன்றாவதாம். அதனை யாம் வகுப்பிற் பயில்கையில் பாட்டுடைத் தலைவன் இனிதே துயில்கின்றான். வீட்டு மகவோ நள்ளிரவில் விழித்தழுகின்றது. காரணம் யாது?

பிறந்த மகவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணிநேரம் உறங்குமாயினும், அதன் இரைப்பை சிறிதாகலின் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பாலுக்காக விழிக்கும். இரவு பகல் வேற்றுமையை அதன் உடல் அறியச் சில திங்கள் செல்லும். ஆதலின் இவ்விழிப்புத் தாயின் குற்றமன்று, மகவின் பிடிவாதமுமன்று.

எனினும் செய்யத்தக்கன சிலவுள. பகலில் வெளிச்சமும் பேச்சும் மகவைச் சூழ்க. இரவில் விளக்கைத் தாழ்த்தி, அரவமின்றிப் பாலூட்டுக. நாள்தோறும் ஒரே முறையில் துடைத்து, ஊட்டி, தாலாட்டி, கண் செருகும்போதே மல்லாத்திக் கிடத்துக. தலையணையும் மென்பஞ்சும் இல்லாத, சமமான, உறுதியான படுக்கையே நன்று. களைத்தோர் மகவை ஏந்தியவாறே நாற்காலியிற் கண்ணயர்தல் பேரிடர் தரும்.

தாய் ஒருத்தியே இரவெல்லாம் விழித்திருத்தல் தகாது. தந்தையும் பாட்டியும் முறைவைத்துக்கொள்க. பொறுமை முறியுமாயின், மகவைப் படுக்கையிற் கிடத்திச் சற்றே விலகி நிற்க. குலுக்குதல் உயிர்க்கே கேடாம். ஒருவர் சுமையை மற்றவர் தாங்குதல் ஆலயத்திற் கேட்கும் அறிவுரை மட்டுமன்று. நள்ளிரவில் தொட்டிலருகே நாம் செய்யவேண்டிய தொண்டுமாம்.