மோசே அழுதுகொண்டிருந்தான்



கடவுள் நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்பதை விளக்க, திருத்தூதர் பவுல் தம் காலத்து உரோமைச் சட்டத்திலிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொள்கிறார். அது தத்தெடுத்தல். மறைக்கல்வி வகுப்பு முதல் நாம் கேட்டுப் பழகிய வார்த்தை. தத்து, சுவீகாரம் என்றதும் பத்திரமும் நீதிமன்றமும் சொத்தும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு குழந்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று நாம் எண்ணிப்பார்ப்பது குறைவு. இன்று அதைச் சற்று எண்ணிப்பார்ப்போம்.

சீனாவில் 1992-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், வெளிநாட்டினர் அந்நாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுக்க வழி திறந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்ற கட்டாயம் அங்கே கடுமையாக இருந்த காலம் அது. ஆண் பிள்ளை வேண்டும் என்ற பழைய ஆசையும் சேர்ந்துகொள்ள, பச்சிளம் பெண் குழந்தைகள் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் குழந்தைகள் இல்ல வாசலிலும் விடப்பட்டார்கள். 2024 செப்டம்பரில், உறவினர் தத்தெடுப்பதைத் தவிர மற்றவர்களுக்கு இந்த வழி மூடப்படும்வரை, 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளிநாடுகளுக்குச் சென்றார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் சென்றது அமெரிக்காவுக்கு.

விண்ணப்பித்த தம்பதியர் மாதக்கணக்கில், பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒருநாள் சிறிய நிழற்படம் ஒன்றும் மருத்துவக் குறிப்பும் வந்து சேரும். அன்றிலிருந்து அந்தப் படம்தான் அவர்கள் மகள். சட்டைப்பையில் வைத்திருப்பார்கள், வீட்டில் தொட்டில் கட்டுவார்கள், பெயர் சூட்டுவார்கள். பிறகு கடல் தாண்டிப் பயணம். சாங்ஷா, நான்சாங் போன்ற ஒரு மாநிலத் தலைநகர். அரசு அலுவலகக் கூடத்திலோ தங்கும் விடுதியிலோ பல தம்பதியர் கூடியிருக்க, இல்லத்துப் பணிப்பெண்கள் குழந்தைகளைத் தூக்கி வருவார்கள். குளிர்காலமானால் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கைந்து உடை போட்டு, பொதி போல. பெயர் அழைக்கப்படும். கை மாறும்.

குழந்தை வீறிட்டு அழும்.

படத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கிய தாய்க்கு அந்தக் குழந்தை புதிதல்ல. குழந்தைக்கோ எல்லாமே புதிது: முகம், மணம், பேச்சு, தோளின் உயரம்கூட. எட்டு மாதத்துக்கு மேல் பிள்ளை வேற்றுமுகம் பார்க்கிறது என்று நம் வீடுகளில் சொல்வோமே, பெரும்பாலும் அந்த வயதிலோ அதற்குச் சற்றுப் பிறகோதான் இந்தக் கைமாற்றம் நடந்தது. தான் அறிந்த ஒரே தாய்மடியாகிய பணிப்பெண் கதவுக்கு வெளியே போய்விட்டாள். பெற்றோருக்கு வாழ்நாளின் பெரிய மகிழ்ச்சியான அதே மணி நேரம், பிள்ளைக்குத் துக்க வீடு.

அழுகிற குழந்தையை விட அழாத குழந்தையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். அழுகிறவள் யாரோ ஒருவரை நேசிக்கக் கற்றிருக்கிறாள்; அந்த நேசம் நாளை இந்தப் புதிய தாயிடமும் வேர் பிடிக்கும். அந்த முதல் இரவில் தாய் செய்யக்கூடியது அதிகம் இல்லை. முகம் திருப்பும் குழந்தையைக் கீழே விடாமல், தனக்குக் கிடைக்காத அன்பைக் கணக்குப் பார்க்காமல், மடியில் வைத்திருக்கலாம். நாம் பாவிகளாய் இருந்தபோதே கடவுள் நம்மை நேசித்தார் என்று பவுல் சொல்வதை, இந்த ஓர் இரவை நினைத்துக்கொண்டு மீண்டும் வாசித்துப் பார்க்கலாம்.

மறுநாள் மீண்டும் அலுவலகம். இந்தப் பிள்ளையைக் கைவிட மாட்டீர்களா, கல்வி கொடுப்பீர்களா என்று அதிகாரி கேட்பார். திருமண வாக்குறுதிக்கு நிகரான கேள்விகள். கையொப்பமிட்டதும் பல இடங்களில் குழந்தையின் பிஞ்சுப் பாதத்தையோ கையையோ சிவப்பு மையில் ஒற்றிப் பதிப்பார்கள். அடுத்து விசாவுக்காகக் குவாங்சோ நகரம். நெடுங்காலம் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்தது அங்குள்ள ஷாமியன் தீவில்தான். பிரெஞ்சுக்காரர் கட்டிய லூர்து அன்னை ஆலயம் ஒன்றும் அதே தீவில் உண்டு.

2001 முதல் அமலில் இருக்கும் அமெரிக்கச் சட்டப்படி, முறையாகத் தத்தெடுக்கப்பட்டு வரும் இத்தகைய குழந்தை, அந்நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட உடனேயே குடிமகளாகிவிடுகிறாள். தேர்வு இல்லை, தகுதிக் காலம் இல்லை. பவுல் அறிந்த உரோமைச் சட்டமும் தத்துப் பிள்ளையைப் பெற்ற பிள்ளைக்குச் சமமான வாரிசாகவே வைத்தது. "பெற்ற பிள்ளை போல வருமா?" என்று நம் ஊரில் இன்றும் கேட்கிறவர்கள், திருமுழுக்கில் தாங்கள் எந்த வகையான பிள்ளையானோம் என்பதை யோசிப்பதில்லை போலும்.

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்துக்கு வருவோம். பார்வோனின் மகள் நாணல் பேழையைத் திறந்தபோது உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது என்று விவிலியம் தெளிவாகக் குறிக்கிறது. அவள் இரங்குகிறாள். அது எபிரேயப் பிள்ளை என்று அறிந்தே எடுக்கிறாள். பெற்ற தாய் அந்தக் கதையிலிருந்து துடைத்தெறியப்படவில்லை. பாலூட்ட அவளே வருகிறாள்.

பெற்றவளைத் துடைத்தெறிவது கொடிய பாவமாகவும் மாறக்கூடும். 2005-இல் ஹுனான் மாநிலத்தில் சில இல்லங்கள் கடத்தல்காரர்களிடம் குழந்தைகளை விலைக்கு வாங்கியது வெளிவந்தது. அடுத்த ஆண்டு பலர் சிறை சென்றார்கள். இதுபோன்ற கொடுமைகளைத் தடுக்கவே 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை எழுந்தது. பிள்ளைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும், பெற்றோரின் சம்மதத்தைப் பணம் கொடுத்து வாங்கக் கூடாது என்கிறது அது. இந்தியா 2003-இல் அதை ஏற்றது. ஆவணங்களில் பொறுமையோடு உண்மையைத் தேடுவதும் அன்பின் பகுதிதான். குறுக்கு வழியில் கிடைக்கும் பிள்ளை இன்னொரு தாயின் கண்ணீர்.

நம் பங்கில் ஒரு குடும்பம் தத்தெடுத்த பிள்ளையோடு பூசைக்கு வரும்போது, "புண்ணியம் செய்தீர்கள்" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளை காதில் விழும்படி, "இதன் உண்மையான அம்மா யார்?" என்றும் கேட்டுவிடுகிறோம். முதலாவது அந்தப் பிள்ளையைத் தருமக் கணக்காக்குகிறது. இரண்டாவது பக்கத்தில் நிற்கும் தாயைப் பொய்யாக்குகிறது.

அன்று அழுத சீனக் குழந்தைகளில் பலருக்கு இப்போது இருபது, முப்பது வயது. சிலர் அங்கே திரும்பிப் போய், தாங்கள் கண்டெடுக்கப்பட்ட தெருவைப் பார்க்கிறார்கள். தூக்கி வளர்த்த பணிப்பெண்களைத் தேடுகிறார்கள். பெற்றவர்களைக் கண்டுபிடிக்க மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்கிறார்கள். அந்தப் பயணத்தில் வளர்த்த தாயும் தந்தையும் சில வேளைகளில் கூடவே போகிறார்கள், பைகளைச் சுமந்துகொண்டு.