காலி வீட்டுக்குச் சுண்ணாம்பு

குடியிருந்தவர் சாமான்களை ஏற்றிக்கொண்டு போன பின், ஆணித் துவாரங்களும், சமையற்கட்டுப் புகையும், சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலையெண்ணெய்க் கறையுமாக நிற்கும் சுவர்களைக் கண்டு, அடுத்த குடித்தனக்காரர் வருவதற்குள் சொற்பச் செலவில் இவற்றை எவ்வாறு சீர்ப்படுத்துவது என்று மலைக்கும் வீட்டுக்காரருக்கு, நம் முன்னோர் விட்டுச்சென்ற மலிவான சாதனம் சுண்ணாம்பு. அதை வர்ணங்களில் ஒன்றாக எண்ணிப் பூசுவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் சுடும்போது, சுத்தமான கல்லானால் 100 பங்கில் 44 பங்கு கரியமில வாயுவாகப் பிரிந்துபோக, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக எஞ்சுகிறது. அதன்மேல் ஜலம் வார்த்ததும், 18 பங்கு ஜலத்தைத் தன்னுள் கிரகித்துக்கொண்டு, கொதித்துப் பொங்கி, வெண்ணீறாகிறது. இந்த நீற்றைப் பாலாகக் கரைத்துச் சுவரில் பூசினால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகிச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. கல் இழப்பது ஒரு வாயுவே என்பதை நிரூபித்து, ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து ரசாயன அறிஞர் தம் ஆராய்ச்சியை 1756-இல் வெளியிட்டார்.

பூச்சு மறுபடியும் கல்லாகும் இந்த மாறுதல் நடைபெற ஈரம் இன்றியமையாதது. உலர்ந்த சுவர் பூச்சிலுள்ள ஜலத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், சுண்ணாம்பு கல்லாகாமல் பொடியாகவே நின்று, சாய்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது. ஆதலால் முதலில் பழைய பொருக்குகளைச் சுரண்டி, புகைக்கரியைக் கழுவி, துவாரங்களைச் சுண்ணாம்பும் பொடிமணலும் குழைத்து அடைத்து, பிறகு சுவரை நன்றாக நனைத்தே வெள்ளையடிக்கும் மட்டையை எடுக்க வேண்டும். ஓரிரவு நீறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டிச் சிறிது வஜ்ஜிரப் பசையும், மஞ்சள் சாயலை மறைக்கத் துளி நீலமும் கலப்பது வழக்கம். கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் செதில் செதிலாக உதிரும். நீர்க்கக் கரைத்து, நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு அடிப்பதே உத்தமம். எண்ணெய்ச் சாயம் பூசிய சுவரில் இது ஒட்டாது. ஒழுக்கு இருந்தால் அதை அடைக்காமல் வெள்ளையடிப்பதும் வீண்.

வீடு காலியாக இருக்கும் நாட்களிலேயே இவ்வேலையை முடித்துவிடுங்கள். நீறும் சுண்ணாம்பு தெறித்தால் கண் பார்வையே போய்விடக்கூடும், ஆகையால் குழந்தைகள் நடமாடாத வீடே இதற்கு ஏற்றது.